உச்சிவேளையில் ஐம்பது தண்டால்

ஆவாரங்குளத்தில் தவளைகள் நிறைய. நண்டுகள் கொஞ்சம். எருமை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

அதன் பெயர் கொம்பாயி. பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டால் தினமும் உச்சிவேளையில் குளத்துக்கு வந்துவிடும். கரையில் நின்று ஒரு பெருமூச்சு விடும். பிறகு சேற்றில் இறங்கி, தான் நினைத்த இடத்தில் பொத்தென்று படுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் முன்பே யார் இருந்தார்கள் என்று பார்க்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. யார் என்ன திட்டினாலும் எருமை மேல் மழை பெய்தது போலத்தான்.

மழைக்காலத்தில் இது பெரிய தொல்லையில்லை. தண்ணீர் கரை முட்ட நிற்கும். ஆளுக்கொரு மூலை கிடைக்கும். கோடையில்தான் குளம் சுருங்கிச் சுருங்கி, நாவல் மரத்து நிழலில் ஒரு சேற்றுக் குட்டையாகிவிடும். குளத்து ஜனம் முழுக்க அங்கேதான் நெருக்கியடித்துக் கிடக்கும். எருமையும் அங்கேதான் வரும்.

அந்த வருஷம் பங்குனி முதல் வாரத்திலேயே விபத்து நடந்துவிட்டது. தவளைகளின் தலைவர் பெருந்தொண்டையார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். கொம்பாயி வந்தது, படுத்தது. தலைவருடைய பின்னங்கால் அதன் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வெயில் தாழ்ந்து எருமை எழுந்து போகும் வரை அவர் அங்கேயே கிடந்து கத்தினார். எல்லாருக்கும் கேட்டது. தலைவர் வழக்கம்போலப் பாடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை தலைவர் நொண்டிக்கொண்டே வந்து கூட்டம் போட்டார்.

"நம்ம உடம்பெல்லாம் கெட்டுப்போச்சு!" என்று முழங்கினார். "போன மழையில தின்னு தின்னு எல்லாரும் பானையா ஆயிட்டீங்க! எருமை வந்தா நகர முடியல!"

"மாட்டிக்கிட்டது நீங்க ஒருத்தர்தானே?" என்றாள் அவர் மனைவி.

"நான் பொதுவாச் சொல்றேன்! இன்னையிலேருந்து எல்லாருக்கும் உடற்பயிற்சி. பத்து நாள் கழிச்சுத் தேர்வு. தேறாதவங்க யாரா இருந்தாலும் நாவமரத்துக் குட்டையை விட்டு வெளியேறணும்!"

வெளியேறினால் எங்கே போவது? அடுத்த தண்ணீர் பெரிய ஏரியில்தான் இருக்கிறது. நடுவே அறுப்பு முடிந்து வெடித்துக் கிடக்கும் இரண்டு வயல்கள். மண் சுட்ட ஓடு போலக் கொதிக்கும்.

எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவள் வளையம்மா. அவள் நாவல் மரத்து வேரடியில் வளை போட்டிருந்த நண்டு. அவளுடைய வயிற்று மடிப்புக்குள் கேழ்வரகு போல நாற்பத்து மூன்று குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை இறங்கி நடக்க இன்னும் இருபது நாளாகும். அதுவரை ஈரம் காயக் கூடாது. அந்த வயலைத் தாண்டினால் அவள் பிழைத்தாலும் பிள்ளைகள் ஒன்றுகூடப் பிழைக்காது.

"பயிற்சி யார் தர்றது?" என்று ஒரு தவளை கேட்டது.

தலைவர் கிளுவை வேலியைக் காட்டினார். வேலி உச்சியில் ஓர் ஓணான் மேலும் கீழுமாக உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. பெயர் முள்ளாண்டி. பிறந்ததிலிருந்தே அதற்கு வேறு வேலை இல்லை.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். தவளைகளுக்கு வேட்டி கிடையாது. அதனால் குளத்துக்குள் விட்டுக்கொண்டன.

முள்ளாண்டி வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். கழுத்து செக்கச் செவேலென்று இருந்தது. சேற்றின் நடுவே இருந்த தட்டைக் கல்லில் ஏறி நின்றார்.

"உடம்புன்னா என்ன?"

பதிலையும் அவரே சொன்னார்.

"தண்டால்! பலம்னா என்ன?"

"தண்டாலா?" என்றது ஒரு பொடித் தவளை.

"சபாஷ்! வேகம்னா என்ன?"

"தண்டால்!" என்று குளமே கத்தியது.

"வாத்தியாரே, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை எடுப்பீங்க?" என்று தலைவர் பணிவாகக் கேட்டார்.

"முந்நூறு!"

"யாரு பார்த்தது?" என்றாள் தலைவர் மனைவி.

"வேலி பார்த்திருக்கு!"

"ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி" என்று அவள் முணுமுணுத்தாள். தலைவர் முறைத்தார்.

வாத்தியார் விதியை அறிவித்தார். ஐம்பது தண்டால் எடுத்தால் தேர்ச்சி. ஒன்று குறைந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ஏன் ஐம்பது?" என்று வளையம்மா கேட்டாள்.

"நான் மூச்சு வாங்காம எடுக்கிறது ஐம்பது. அதனால ஐம்பது!"

அன்றைக்கே முதல் சோதனை நடந்தது. தவளைகள் வரிசையாக நின்று கையை ஊன்றின. அங்கேதான் சிக்கல் வந்தது. வயிறு தரையில் பட்டு எழ வேண்டும் என்பது விதி. தொப்பளான் என்கிற குண்டுத் தவளை வெகுநேரம் அப்படியே கிடந்தான்.

"வயித்தைத் தரையில படவைடா!"

"அது பட்டுக்கிட்டேதான் இருக்கு வாத்தியாரே! எழத்தான் மாட்டேங்குது!"

அவனுக்கு இரண்டு. மற்றவர்களுக்கு நாலு, ஐந்து. தலைவருக்கே ஏழுதான் வந்தது. தேறாதவர் யாரானாலும் வெளியேற வேண்டும் என்று சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றாள் மனைவி.

அடுத்து நாடி பார்த்தார் வாத்தியார். தவளைகளின் தொண்டை எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். அது அவற்றின் மூச்சு. வாத்தியார் அதையே நாடி என்று எண்ணினார். தூங்கி வழிந்த தவளையிடம் குறைவாக இருந்ததால் "உனக்கு யானை பலம்!" என்றார். தலைவரிடம் எண்ணும்போது எதிரே ஒரு கொழுத்த ஈ பறந்தது. தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டது.

"ஐயோ, உங்களுக்கு நெஞ்சு பலவீனம்!"

"எதிர்ல ஈ பறந்தா யாருக்குத்தான்யா துடிக்காது?" என்றார் தலைவர் பரிதாபமாக.

கடைசியாக வளையம்மாவின் முறை.

"முன்னங்கையை ஊன்று!"

"முன்னாடி இருக்கிறது கொடுக்குங்க."

"அப்ப காலை ஊன்று!"

"எட்டு இருக்கு. எல்லாமே பக்கவாட்டுல."

"அதை விடு. வயிறு தரையில படணும்!"

"படக் கூடாதுங்க. உள்ளே பிள்ளைங்க இருக்கு. நசுங்கிடும்."

"பூஜ்யம்!" என்றார் வாத்தியார்.

வளையம்மா தலைவரிடம் திரும்பிக் கேட்டாள். "தலைவரே, எருமை வந்தா நாம என்ன செய்யணும்?"

"விலகணும்."

"அப்ப விலகத் தெரியுதான்னுதானே சோதிக்கணும்? தண்டால் எடுக்கத் தெரியுதான்னு எதுக்குச் சோதிக்கிறீங்க?"

பதில் சொல்லத் தெரியாதவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். தலைவருக்கும் வந்தது.

"நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க! பத்து நாள் தர்றேன். ஐம்பது எடு. இல்லேன்னா கிளம்பு!"

வளையம்மா வேரடிக்குத் திரும்பி அழுதாள். தொப்பளானும் கூடவே வந்து உட்கார்ந்தான். ஆறுதல் சொல்ல வந்தவன், சொல்லத் தெரியாமல் அவனும் சேர்ந்து அழுதான்.

அப்போது மேட்டுக் கரையிலிருந்து ஒரு காய்ந்த சுரைக்காய் காற்றில் உருண்டு தடதடவென்று அவர்களை நோக்கி வந்தது. வளையம்மா பக்கவாட்டில் சரிந்தாள். தொப்பளான் குப்புற விழுந்து, வழுக்கி, ஒரு குட்டிக்கரணம் அடித்து அந்தப் பக்கம் போய் நின்றான். சுரைக்காய் அவர்கள் இருந்த இடத்தில் 'டப்' என்று வந்து நின்றது.

தொப்பளானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா! எப்படித் தப்பிச்சேன்னு எனக்கே தெரியல!"

வளையம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை தப்பு, பார்க்கலாம்."

இரண்டு பேரும் சுரைக்காயை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் உருட்டிவிட்டு ஓடிவந்தார்கள். தொப்பளான் இந்த முறை குதித்தான்.

"சரி. வேற எப்படி?" என்றாள் வளையம்மா.

அவன் உருண்டான்.

"வேற எப்படி?"

அவன் யோசித்தான். பிறகு தாழப் படுத்துப் பின்பக்கமாக நழுவினான். தனக்கு அப்படி நகரத் தெரியும் என்பது அவனுக்கு அன்றுவரை தெரியாது. மறுபடி, மறுபடி என்று இருட்டும் வரை விளையாடினார்கள்.

மறுநாள் நாலு மதிப்பெண் வாங்கிய இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் ஐந்து பேர். வளையம்மா யாருக்கும் எதையும் செய்துகாட்டவில்லை. காட்டினாலும் தவளையால் நண்டு போல நடக்க முடியுமா? அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரே கேள்விதான். மெதுவாகப் போனால் எப்படி, வேகமாகப் போனால் எப்படி, கோரைக்குள் புகுந்தால் எப்படி, இரண்டு பேர் முட்டிக்கொள்ளாமல் போனால் எப்படி என்று அவர்களே கிளைகிளையாகக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவளும் தன் எட்டுக் கால்களை என்னவெல்லாம் செய்யச் சொல்லலாம் என்று கற்றுக்கொண்டாள். வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஓர் அசைவுகூடத் தெரியாமல் ஓடப் பழகினாள்.

சுரைக்காய் விழும்போது யார் எவ்வளவு தூரம் விலகியிருந்தார்கள் என்று கொடுக்கால் சேற்றில் கோடு போட்டாள். நேற்றைய கோட்டுக்குப் பக்கத்தில் இன்றைய கோடு.

"அக்கா, அந்த ஒல்லிப் பய கோடு என்னுதைவிட எங்கேயோ போயிருச்சே!" என்று தொப்பளான் புலம்பினான்.

"அவன் கோடு அவனுக்கு. உன் நேத்துக் கோட்டைப் பாரு."

பார்த்தான். ஒரு சாண் கூடியிருந்தது. அன்று முழுக்க அவனைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு தவளை, "அந்தச் சரிவுல உருட்டினா எனக்கு இன்னும் நல்லா வரும்!" என்றது.

"இடம் மாத்தினா எப்படித் தெரியும், கூடினது நீயா சரிவான்னு? தினமும் இதே நேரம், இதே சரிவு, இதே சுரைக்காய்" என்றாள் வளையம்மா.

அந்தப் பக்கம் தண்டால் கூட்டமும் சும்மா இல்லை. பொழுது விடிந்தால் தண்டால், பொழுது போனால் தண்டால். குதிக்க நேரமில்லை. நீந்த நேரமில்லை. கைகள் முருங்கைக்காய் போலத் திரண்டன. பின்னங்கால்கள் எதற்கு இருக்கின்றன என்பதே மறந்துபோயிற்று.

"ஏங்க, மூக்குக்கு முன்னாடி ஈ போகுது!" என்றாள் தலைவர் மனைவி ஒரு நாள்.

"முப்பத்தொண்ணு... முப்பத்திரண்டு..." என்றார் தலைவர்.

ஈ போய்விட்டது. மனைவியும் எழுந்து சுரைக்காய்க் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் வந்தது. தேர்வு உச்சிவேளையில் என்றார் வாத்தியார்.

"அது எருமை வர்ற நேரமாச்சே!" என்றாள் வளையம்மா.

"வெயில் உச்சிக்கு வந்தாத்தான் எனக்கு ரத்தம் ஓடும். காலையில நான் கட்டை மாதிரி இருப்பேன். வாத்தியாருக்கு எது வசதியோ அதுதான் தேர்வு நேரம்!"

ஓணான் உடம்புக்கு அது நியாயம்தான். வெயில் குடிக்காமல் அதனால் கண்ணிமைகூட அசைக்க முடியாது. ஆனால் தவளைகளுக்கு அது ஆகாத நேரம் என்பது அதற்குத் தோன்றவே இல்லை.

சேற்றில் தவளைகள் வரிசை வரிசையாகக் கையை ஊன்றி நின்றன. முதல் வரிசையில் தலைவர். வாத்தியார் கல்லில் ஏறினார்.

"எண்ணிக்கை முடியறதுக்குள்ள எவன் எழுந்தாலும் பூஜ்யம்! ஒண்ணு! ரெண்டு!"

வளையம்மா ஓரத்தில் நின்றாள். அவளுடைய பூஜ்யம் முன்பே முடிவான விஷயம். தேர்வு முடிந்ததும் கிளம்ப வேண்டும். வயிற்று மடிப்பை ஒரு முறை தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டாள். இரண்டு வயலுக்கு அந்த ஈரம் போதாது என்று அவளுக்குத் தெரியும்.

முப்பத்தைந்தில் கரையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

நாற்பதில் சேறு அதிர்ந்தது.

வாத்தியார் திரும்பிப் பார்த்தார். சிவந்த கழுத்து வெளுத்துப்போயிற்று. அடுத்த நொடி கல்லில் யாரும் இல்லை. வேலிக்கு அவர் ஓடிய ஓட்டத்தை யாராவது அளந்திருந்தால் அன்றைக்கு அவர்தான் முதல்.

தவளைகளோ தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன. "நாப்பத்தஞ்சு! நாப்பத்தாறு!"

அப்போது அவற்றின் மேல் ஒரு நிழல் விழுந்தது. பெரிய நிழல்.

"குதிங்க!" என்று தலைவர் அலறினார்.

எல்லாரும் குதித்தார்கள். கைகள் உடம்பைத் தூக்கின. பின்னங்கால்கள் உந்தவில்லை. தூக்கிய உடம்பு அதே இடத்தில் திரும்ப இறங்கிற்று. அழகான தண்டால். நாற்பத்தேழு என்றுகூட ஒருவன் எண்ணிவிட்டான்.

சுரைக்காய்க் கூட்டத்தில் எல்லாரும் பெருமூச்சு கேட்டதுமே வரிசையை விட்டுக் கரையேறியிருந்தார்கள். வளையம்மாவும் கரையில்தான் நின்றாள். அவள் அங்கேயே நின்றிருக்கலாம். தன்னை விரட்டியவர்கள்தானே என்று நினைத்திருக்கலாம். அவளுக்கு அந்த நினைப்பே வரவில்லை. சரசரவென்று பக்கவாட்டில் சேற்றுக்குள் இறங்கினாள்.

"குதிக்க வராட்டி விடுங்க! வேற எப்படி?" என்று கத்தினாள்.

தொப்பளானும் தலைவர் மனைவியும் கரையிலிருந்து கத்தினார்கள். "வேற எப்படி? வேற எப்படி?"

ஒரு தவளை உருண்டது. ஒன்று மல்லாந்து வழுக்கியது. ஒன்று எருமையின் நாலு கால்களுக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் வந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று, வரிசை முழுக்கக் கலைந்து நாலா பக்கமும் சிதறியது.

தலைவர் மட்டும் மிச்சம். கொம்பாயியின் முன்னங்கால்கள் மடிந்துகொண்டிருந்தன.

"வளையம்மா! கால் வரல!"

"கால் இல்லேன்னா வேற எப்படி?"

"கை மட்டும்தான் இருக்கு!"

"அப்ப கையால வேற எப்படி, தலைவரே?"

பெருந்தொண்டையார் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு யோசித்தார். வயிற்றைச் சேற்றில் ஒட்டினார். பத்து நாள் தண்டால் எடுத்த இரண்டு கைகளையும் ஒரே பக்கமாக ஊன்றித் தள்ளினார். சர்ரென்று பக்கவாட்டில் போனார். மறுபடி தள்ளினார். அசல் நண்டு மாதிரியே போனார்.

பொத்!

கொம்பாயி படுத்துவிட்டது. சிதறிய சேறு தலைவரைத் தூக்கிக் கொண்டுபோய் மனைவியின் காலடியில் போட்டது. வளையம்மாவின் ஒரு பின்னங்கால் நகம் மட்டும் எருமைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவள் அந்தக் காலையே முறித்துப் போட்டுவிட்டு வந்தாள். நண்டுக்குக் கால் மறுபடி முளைக்கும்.

கொம்பாயி காதை ஆட்டியது. "என்ன இன்னைக்கு ஒரே இரைச்சல்?"

"தேர்வு" என்றான் தொப்பளான்.

"ஓகோ. யாரு தேறினா?"

தலைவர் கண்ணிலிருந்த சேற்றை வழித்துவிட்டு எழுந்தார்.

"வளையம்மா" என்றார். "நான் நாப்பத்தாறு எடுத்தேன். ஒண்ணுகூட எருமைக்குத் தெரியல."

பிறகு அவள் முன்னால் வந்து நின்றார். "தாயி, உன்னை நான் போகச் சொன்னது தப்பு. இந்த வேரடி உன்னுது. பிள்ளைங்க எல்லாம் சரியா இருக்கா, பாரு முதல்ல."

வளையம்மா வயிற்று மடிப்பைத் திறந்து எண்ணினாள். நாற்பத்து மூன்று. மறுபடி எண்ணினாள். நாற்பத்து மூன்றேதான். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தலைவர் மனைவிக்கும் வந்தது. தொப்பளான் எதற்கென்று கேட்காமலே சேர்ந்துகொண்டான்.

"இனிமே நீதான் வாத்தியார்!" என்றார் தலைவர்.

"வாத்தியார் எதுக்குங்க? சுரைக்காய் உருட்ட ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

"நான் உருட்டறேன்!" என்றார் தலைவர். "கையில இப்ப நல்ல பலம் இருக்கு!"

ஆவாரங்குளத்தில் அசைவுப் பாடம் தொடங்கியது இப்படித்தான். தினமும் காலையில், எருமை வருவதற்கு வெகு முன்னால், சேற்றில் ஆளுக்கொரு கோடு விழும். இன்னும் பத்து நாள் கழித்து நாற்பத்து மூன்று பொடிக் கோடுகள் புதிதாகச் சேர்ந்தன. முள்ளாண்டி மட்டும் இன்னமும் வேலியில் தண்டால் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் நின்று, யாராவது எண்ணுகிறார்களா என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

எந்த ஆபத்துக்காக உடம்பைப் பழக்குகிறோமோ அதற்கு ஏற்ற சோதனையே சோதனை; அடுத்தவன் அளவுக்கு எண்ணிக்கை கூட்டியவனைவிட, தன் உடம்பு எப்படியெல்லாம் அசையும் என்று தானே கண்டுகொண்டவனே பிழைப்பான்.